பழைய ஹைலக்ஸ் பிக்கப்: ஐடிலில் உதறல். நான்கு இன்ஜெக்டரையும் மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: செந்தூல் பூச்செடிக்காரன்

வணக்கம் அன்பர்களே. டீசல் பிக்கப் ஓட்டுபவர்களும் பட்டறையில் வேலை பார்ப்பவர்களும் இங்கே பலர் இருக்கிறீர்கள். பெரிய செலவில் இறங்குவதற்கு முன் உங்கள் கருத்தைக் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

என் வண்டி 2008-இல் பதிவான ஹைலக்ஸ் விகோ. 2.5 லிட்டர் 2கேடி டீசல் என்ஜின், மேனுவல் கியர். பெந்தோங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து செடிகளையும் மண் மூட்டைகளையும் செந்தூலுக்கு ஏற்றி வருகிறேன். காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா ஏற்றத்தைச் சுமையோடு ஏற வேண்டியிருப்பதால், இழுவை எனக்கு முக்கியம். நான் வாங்கும்போதே வண்டியில் சில மாற்றங்கள் இருந்தன: ரெயில் (இன்ஜெக்டர்களுக்கு உயர் அழுத்த டீசலைப் பகிரும் பொதுக்குழாய்) அழுத்த சென்சாரில் கோர்த்த, இழுவையைக் கூட்டும் ஒரு டியூனிங் பெட்டி, முன்பக்கத்தில் பெரிய இன்டர்கூலர், அகலமான புகைக்குழாய், அடைக்கப்பட்ட ஈஜிஆர் (புகையில் ஒரு பகுதியை மீண்டும் என்ஜினுக்குள் அனுப்பும் அமைப்பு), ரப்பருக்குப் பதிலாகக் கெட்டியான பாலியூரித்தேன் என்ஜின் மவுண்டுகள். அண்மையில் ஒரு பட்டறையில் தண்ணீர் பிரிக்கும் கூடுதல் ஃபில்டர் ஒன்றையும் டாங்கிக்கும் அசல் ஃபில்டருக்கும் நடுவில் பொருத்திக்கொண்டேன்.

இப்போது என்ஜின் சூடேறிய பிறகு ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, உதறுகிறது. ஆர்பிஎம் முள் 700-க்கும் 900-க்கும் இடையில் ஏறி இறங்குகிறது. கியர் கம்பி கையில் நடுங்குகிறது. சிவப்பு விளக்கில் நிற்கும்போது ஏர்கோன் கம்பிரசர் வேலை செய்யத் தொடங்கினால் என்ஜின் அணைந்துவிடும் போல் தாழ்கிறது. 1500-ஐத் தாண்டிவிட்டால் எந்தக் குறையும் தெரிவதில்லை, ஏற்றத்தில் இழுவையும் குறையவில்லை. காலையில் சாவியைத் திருப்பினால் முன்பைவிட அதிக நேரம் சுற்றிய பிறகே பிடிக்கிறது. எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. ஒரு போமன் (பட்டறை மெக்கானிக்) சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டரையும் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பல ஆயிரம் வெள்ளி ஆகும். இன்ஜெக்டர்தான் காரணம் என்று எப்படி உறுதி செய்வது? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: செகாம்புட் நான்கு சக்கரம்

தம்பி, நீங்கள் சொல்லும் அறிகுறிகள் எனக்கு எஸ்சிவி என்றுதான் தோன்றுகிறது. உயர் அழுத்தப் பம்பின் வாயிலில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சிறிய வால்வுதான், எவ்வளவு டீசல் உள்ளே போக வேண்டும் என்பதை என்ஜின் கணினி சொல்கிறபடி அளந்து விடுகிறது. அதன் உள்ளிருக்கும் ஊசி தேய்ந்தாலோ, நுண்ணிய அழுக்கால் சிக்கிச் சிக்கி நகர்ந்தாலோ, ரெயில் அழுத்தம் தேவையைவிட மேலே போய், பிறகு கீழே வந்து, மறுபடி மேலே போகும். ஐடிலில் தேவைப்படும் டீசலின் அளவு மிகக் குறைவு என்பதால் கோளாறு அங்கேதான் முதலில் வெளிப்படும். சூடேறிய பிறகு மோசமாவதும் இதற்குப் பொருந்துகிறது. இன்ஜெக்டரோடு ஒப்பிட்டால் எஸ்சிவியின் விலை சிறியது. அதை முதலில் மாற்றிப் பாருங்கள் என்பது என் யோசனை. ஆனால் பொட்டோங் கடையில் (பழைய வண்டிகளை வெட்டி உதிரிகள் விற்கும் கடை) பழையதை வாங்கிப் போடாதீர்கள். அதுவும் அதே அளவு தேய்ந்திருக்கும்.

பதில்: பிறை டீசல் பம்ப்

வணக்கம். பிறையில் டீசல் பம்ப், இன்ஜெக்டர் வேலை செய்யும் பட்டறை ஒன்றில் நீண்ட காலமாக இருக்கிறேன். செகாம்புட் அண்ணன் எஸ்சிவியைப் பற்றிச் சொன்ன விளக்கம் சரியானது. ஆனாலும், எதையும் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் செலவே இல்லை.

முதலில் உதறலின் வகையைப் பிரித்தறிய வேண்டும். ஆர்பிஎம் முள் அசையாமல் நிற்க, என்ஜின் மட்டும் ஒரு சீரான தாளத்தில் உதறினால், ஏதோ ஒரு சிலிண்டர் மற்றவற்றைவிடக் குறைவாக வேலை செய்கிறது என்று பொருள். இன்ஜெக்டர், கம்பிரஷன், வால்வு இடைவெளி ஆகியவற்றை அப்போது சந்தேகிக்கலாம். முள்ளே மேலும் கீழும் அலைந்தால், நான்கு சிலிண்டர்களுக்கும் பொதுவான ஒன்று, அதாவது எரிபொருள் வரத்தோ அழுத்தக் கட்டுப்பாடோ, நிலைகொள்ளாமல் இருக்கிறது. உங்கள் வண்டியில் முள் 200 ஆர்பிஎம் அளவுக்கு அலைகிறது. நான்கு இன்ஜெக்டர்களும் ஒரே சமயத்தில் கெட்டு, ஒன்றாகச் சேர்ந்து ஏறி இறங்குவது மிக அரிது. ஆகவே இன்ஜெக்டரைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளுங்கள்.

அடுத்ததாக, டியூனிங் பெட்டியைக் கழற்றி, அசல் வயரை நேராகச் சென்சாரில் செருகுங்கள். இதை நான் வலியுறுத்துவதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. ரெயில் சென்சாரில் கோர்க்கும் பெட்டி, உண்மையான அழுத்தத்தைவிடக் குறைந்த ஓர் எண்ணைக் கணினிக்குக் காட்டுகிறது. கணினி அதை நம்பி அழுத்தத்தை உயர்த்துகிறது. அதனால்தான் இழுவை கூடுகிறது. நல்ல பெட்டிகள் ஐடிலில் குறுக்கிடுவதில்லை என்றாலும், பழைய பெட்டியின் இணைப்பில் ஈரம் ஏறினால் சமிக்ஞை தடுமாறும். அதைவிடப் பெரிய சிக்கல் என்னவென்றால், ஸ்கேனர் காட்டுவது கணினிக்குத் தெரிந்த எண்ணைத்தான். பெட்டி இருக்கும்வரை ஸ்கேனரில் நீங்கள் படிக்கும் ரெயில் அழுத்தம் உண்மையான அழுத்தம் அல்ல. மாற்றம் செய்த வண்டிகளில் போமன்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பெட்டியை எடுத்த பிறகு, என்ஜின் நன்றாகச் சூடேறிய நிலையில், ஏர்கோனை அணைத்துவிட்டு ஸ்கேனரில் இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பாருங்கள்: கணினி கேட்கும் ரெயில் அழுத்தம், உண்மையில் இருக்கும் ரெயில் அழுத்தம். இந்த என்ஜினில் ஐடிலின்போது சுமார் 30 முதல் 40 மெகாபாஸ்கல் வரை இருக்கும். கேட்கும் எண் ஓரளவு அசையாமல் நிற்க, இருக்கும் எண் மட்டும் அதைச் சுற்றி அலைந்தால், ஒன்று எஸ்சிவி சிக்குகிறது, அல்லது பம்புக்கு வரும் டீசலில் காற்று கலந்திருக்கிறது. இந்த இரண்டையும் ஸ்கேனரால் பிரித்துக் காட்ட முடியாது. அதற்காகத்தான் எஸ்சிவியை உடனே மாற்ற வேண்டாம் என்கிறேன்.

இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். பழைய டீசல் என்ஜின்களில், எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, என்ஜின் ஓடும்போதே இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்திப் பார்ப்பது வழக்கம். உங்களுடையது போன்ற காமன் ரெயில் என்ஜினில் யாரும் அப்படிச் செய்ய நீங்கள் விடக் கூடாது. ஐடிலிலேயே காற்றழுத்தத்தைப் போல் 300 மடங்குக்கு மேல் அழுத்தம் இருக்கிறது; பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியில் தெரிவது ஊசி குத்தியது போன்ற ஒரு புள்ளிதான் என்றாலும் விரலையே இழக்க நேரிடலாம். சிலிண்டரை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கும் வசதி ஸ்கேனரிலேயே உண்டு.

பதில்: பாலேக் பூலாவ் டுரியான்

பிறை நண்பர் சொன்ன காற்று விஷயத்தில் நின்று யோசியுங்கள் தம்பி. நான் பாலேக் பூலாவ் மலைச்சரிவுத் தோட்டங்களிலிருந்து பழம் இறக்கும் ஆள். இதே என்ஜின் உள்ள வண்டியைத்தான் ஓட்டுகிறேன். உங்கள் பதிவில் இரண்டு வரிகள் என் கண்ணில் பட்டன: கூடுதல் ஃபில்டர் போட்டது, காலையில் அதிக நேரம் சுற்றுவது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

இந்த வண்டியில் டாங்கிக்குள் மின்சாரப் பம்ப் கிடையாது. என்ஜினில் இருக்கும் பம்பே டாங்கியிலிருந்து ஃபில்டர் வரை உள்ள மொத்தக் குழாய் வழியாகவும் டீசலை உறிஞ்சி எடுக்கிறது. உறிஞ்சும் குழாயில் சிறு விரிசல் இருந்தால் டீசல் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். அதனால் கீழே எண்ணெய்க் கறை தேடிப் பயனில்லை, சோப்பு நுரை பூசிப் பார்த்தாலும் குமிழி வராது. இரவில் வண்டி நிற்கும்போது அந்த விரிசல் வழியே காற்று நுழைய, குழாயில் நின்ற டீசல் டாங்கிக்கே இறங்கிவிடுகிறது. காலையில் அதிகம் சுற்ற வேண்டியிருப்பது இதனால்தான். வேகமாக ஓடும்போது தெரியாமல் போவதற்கும் காரணம் உண்டு: அப்போது டீசல் ஓட்டம் அதிகம், ஃபிளைவீலின் வேகமும் சிறு குறைகளை இழுத்துக்கொண்டு போய்விடும்.

சோதிப்பது எளிது. அசல் ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையில் ஒரு சாண் நீளத்திற்கு, டீசலைத் தாங்கும் கண்ணாடி போன்ற ஹோஸைத் தற்காலிகமாகப் பொருத்தி, என்ஜினை ஐடிலில் விட்டுப் பாருங்கள். ஃபில்டரைத் திறந்து மூடியதால் முதலில் சில குமிழிகள் வரும். அவை ஓய்ந்த பிறகும் ஜவ்வரிசி போல் வரிசையாக ஓடிக்கொண்டே இருந்தால் காற்று நுழைகிறது என்று முடிவு செய்யலாம். அதன் பிறகு சுத்தமான டீசல் நிரப்பிய ஐந்து லிட்டர் தோம்பு ஒன்றை என்ஜினுக்குப் பக்கத்தில் உயரமாக வைத்து, அதிலிருந்து நேராக அசல் ஃபில்டரின் நுழைவாய்க்கு ஹோஸ் கொடுங்கள். ஃபில்டரைத் தவிர்த்துவிட்டுப் பம்புக்கு நேராகக் கொடுக்காதீர்கள். ஒரு தூசி போதும் பம்பைக் கெடுக்க. தோம்பிலிருந்து குடிக்கும்போது ஐடில் சீராகிவிட்டால், கோளாறு ஃபில்டருக்கும் டாங்கிக்கும் இடையில்தான் இருக்கிறது. எஸ்சிவியைத் தொட வேண்டியதில்லை. சீராகவில்லை என்றால் செகாம்புட் அண்ணன் சொன்னதைச் செய்யுங்கள்.

புதிதாகப் பொருத்திய ஃபில்டரில் என்ன ஹோஸ் போட்டிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். 2019 முதல் நம் மலேசிய எண்ணெய் நிலையங்களில் கிடைக்கும் டீசலில் பொதுவாக நூற்றுக்குப் பத்துப் பங்கு செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசல் கலந்திருக்கிறது. பயோடீசல் சாதாரண ரப்பரை ஊற வைத்து மெத்தென்று ஆக்கிவிடும். பழைய டாங்கியின் அடியில் படிந்த கசடையும் கரைத்துக் கொண்டுவரும். ஈரத்தையும் சாதாரண டீசலைவிட அதிகமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீருக்குப் போடும் ஹோஸையும் தோட்டக் குழாய்க்குப் போடும் கிளிப்பையும் வைத்து வேலையை முடித்துவிடும் பட்டறைகள் உண்டு. உங்களுக்கு வேண்டியது எரிபொருளுக்கென்றே செய்த, உள் பூச்சு ஃப்ளோரோ ரப்பரான ஹோஸ். கிளிப்பும் சுற்றிலும் ஒரே சீராக இறுக்கும் வகையாக இருக்க வேண்டும்.

பதில்: செகாம்புட் நான்கு சக்கரம்

தோம்பு வைத்துப் பார்க்கும் யோசனை நல்லது. அதை முதலில் செய்யுங்கள். ஈஜிஆரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதைச் சரியாக அடைத்திருந்தால் ஐடில் உதறாது. அரைகுறையாக அடைத்து, வால்வு கரி பிடித்துத் திறந்தபடி சிக்கியிருந்தால்தான் உதறலும் கரும்புகையும் சேர்ந்து வரும். நீங்கள் கரும்புகை வருவதாகச் சொல்லவில்லை. ஆனால் நம் நாட்டில் டீசல் வாகனப் புகைக்கு 50 ஹார்ட்ரிட்ஜ் அலகு (புகையின் கருமையை அளக்கும் அலகு) என்ற வரம்பு இருக்கிறது. சுமை ஏற்றும் வண்டியைச் சாலையில் நிறுத்திச் சோதிப்பதும் நடக்கிறது. பெட்டி, அகலமான புகைக்குழாய், அடைத்த ஈஜிஆர் மூன்றும் ஒரே வண்டியில் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

மறுமொழி: செந்தூல் பூச்செடிக்காரன்

அனைவருக்கும் நன்றி. நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்து பார்த்தேன். ஸ்கேனர் வைத்திருக்கும் வேறொரு போமன் பொறுமையாகக் கூடவே இருந்தார்.

பெட்டியைக் கழற்றியதும் அலைச்சல் ஓரளவு குறைந்தது, நிற்கவில்லை. கணினி கேட்ட அழுத்தம் 33 மெகாபாஸ்கலில் நிற்க, உண்மையான அழுத்தம் 28-க்கும் 38-க்கும் இடையில் ஆடிக்கொண்டிருந்தது. கண்ணாடி ஹோஸைப் பொருத்திப் பார்த்தபோது, பாலேக் பூலாவ் அண்ணன் எழுதியபடியே குமிழிகள் ஓய்வில்லாமல் வந்தன. சில சமயம் நாலைந்து குமிழிகள் சேர்ந்து சுண்டுவிரல் அகலத்திற்கு ஒரு காற்று இடைவெளியாகவே நகர்ந்தன. அப்படி ஒன்று பம்பை எட்டியவுடன் என்ஜின் தாழ்வதைக் காதால் கேட்க முடிந்தது, முள்ளிலும் பார்க்க முடிந்தது. தோம்பிலிருந்து டீசல் கொடுத்ததும் சிறிது நேரத்தில் முள் 800-இல் வந்து நின்றுவிட்டது.

பிறகு கூடுதல் ஃபில்டரின் நுழைவாயில் ஹோஸைக் கழற்றினோம். வெளியே பார்க்கப் புதிது போலத்தான் இருந்தது. உள்ளே ரப்பர் ஊறிப் பருத்து, கிளிப் கடித்த இடத்தில் நகக்கண் அளவுக்குப் பிளந்திருந்தது. கிளிப்பின் பல் பதிந்த தடம் முழுவதும் கறுப்பு மாவு போல் ரப்பர் உதிர்ந்து கையில் ஒட்டியது. வெளியில் ஒரு சொட்டு டீசல் கூட இல்லை. டாங்கியிலிருந்து அசல் ஃபில்டர் வரை நல்ல ஹோஸ் போட்டு, கிளிப்புகளை மாற்றி, இரண்டு ஃபில்டர்களையும் புதிதாகப் போட்டோம். இப்போது உண்மையான அழுத்தம் கேட்கும் அழுத்தத்தை விட்டு ஒரு மெகாபாஸ்கலுக்கு மேல் விலகுவதில்லை. காலையில் சாவியைத் திருப்பியவுடன் பிடிக்கிறது.

பெட்டியை மீண்டும் செருகிப் பார்த்தபோது முள் லேசாக அலையத் தொடங்கியது. இணைப்பைப் பிரித்தால் உள்ளே பித்தளைக் காதுகளில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கிறது. அதைக் கழற்றியே வைத்திருக்கிறேன்.

மீதி இரண்டு சந்தேகங்கள். முள் அசையாமல் நின்றாலும் கியர் கம்பியில் மெல்லிய நடுக்கம் இருக்கிறது. அடுத்து, ஸ்கேனரில் ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் திருத்த அளவு என்று ஓர் எண் வருகிறது: முதல் சிலிண்டர் -0.6, இரண்டாவது +0.4, மூன்றாவது +2.1, நான்காவது -1.9. இதை எப்படிப் புரிந்துகொள்வது? பெட்டியைச் சரிசெய்து மறுபடி போடலாமா?

பதில்: பிறை டீசல் பம்ப்

மிக நன்றாகச் செய்திருக்கிறீர்கள். அந்த எண்களை இப்போது எடுத்ததுதான் சரி. முள் அலையும்போது எடுத்திருந்தால் அவையும் சேர்ந்து அலைந்து, நல்ல இன்ஜெக்டரையும் கெட்டது போல் காட்டியிருக்கும்.

ஒவ்வொரு சிலிண்டரிலும் எரிபொருள் எரியும்போது கிராங்க் எவ்வளவு வேகமெடுக்கிறது என்பதைக் கணினி அளக்கிறது. பின்தங்கும் சிலிண்டருக்குக் கொஞ்சம் கூட்டியும், முந்தும் சிலிண்டருக்குக் கொஞ்சம் குறைத்தும் நான்கையும் சமன் செய்கிறது. நீங்கள் பார்த்தவை அந்தக் கூட்டல் கழித்தல்கள். அலகு, ஒரு வீச்சுக்கு இத்தனை கன மில்லிமீட்டர். நான்கையும் கூட்டினால் சுழி வருவதைக் கவனியுங்கள். சூடான என்ஜினில் இரண்டு பக்கமும் 3 வரை ஏற்கத்தக்கது என்று எடுத்துக்கொள்வோம். அந்தக் கணக்கில் உங்கள் நான்கு இன்ஜெக்டர்களும் இப்போதைக்கு நல்ல நிலையில்தான் இருக்கின்றன. மாற்றச் சொன்னதற்கு ஆதாரமே இல்லை. மூன்றாவது மட்டும் கவனிக்கத்தக்கது. கூடுதல் டீசல் கேட்கும் சிலிண்டரில் குறை இன்ஜெக்டரில்தான் என்று சொல்லிவிட முடியாது. கம்பிரஷன் குறைந்தாலும் இதே எண்தான் வரும்.

கியர் கம்பியின் நடுக்கத்திற்குப் பாலியூரித்தேன் மவுண்டுகளே போதிய காரணம். டீசல் என்ஜின் ஐடிலில் இயல்பாகவே அதிரும். அந்த அதிர்வை மென்மையான ரப்பர் விழுங்கிவிடுகிறது, கெட்டியான மவுண்ட் அப்படியே சேஸிக்குக் கடத்துகிறது. அது என்ஜின் கோளாறு அல்ல. செடி ஏற்றும் வண்டிக்குக் கெட்டி மவுண்டால் எந்தப் பயனும் இல்லை. அசல் ரப்பர் மவுண்டுகளுக்கு மாறினால் இதுவும் அடங்கிவிடும்.

பெட்டியை மறுபடி போட வேண்டாம் என்பதே என் கருத்து. களிம்பைச் சுரண்டிச் சரிசெய்தாலும், கணினிக்குத் தெரியாமல் ரெயில் அழுத்தத்தை உயர்த்தும் அதன் வேலை மாறப்போவதில்லை. வயதான இன்ஜெக்டர்களின் ஊசி முனையும் இருக்கையும் அந்தக் கூடுதல் அழுத்தத்தில் விரைவாகத் தேயும். கெந்திங் செம்பா ஏற்றத்திற்கு இழுவை போதவில்லை என்று உண்மையாகவே தோன்றினால், கணினியின் மேப்பையே, அதாவது எரிபொருள் அளவைத் தீர்மானிக்கும் அட்டவணையையே, அளவோடு திருத்தத் தெரிந்தவரிடம் போங்கள். அப்போது கேட்கும் அழுத்தமும் இருக்கும் அழுத்தமும் ஸ்கேனரில் உண்மையாகத் தெரியும். புகையையும் வரம்புக்குள் வைக்கலாம்.

மூன்றாவது சிலிண்டரின் எண்ணை எங்காவது எழுதி வையுங்கள். அடுத்த முறை ஃபில்டர் மாற்றும்போது, என்ஜின் 80 டிகிரி சூட்டில், ஏர்கோன் அணைந்த நிலையில், அதே நான்கு எண்களையும் மறுபடி எடுங்கள். மூன்றாவது 3-ஐத் தாண்டியிருந்தால், முதலில் நான்கு இன்ஜெக்டர்களின் திரும்புகுழாய்களிலும் (மிஞ்சும் டீசலைத் திருப்பி அனுப்பும் குழாய்கள்) ஒரே அளவுள்ள புட்டிகளைத் தொங்கவிட்டு, எதில் அதிக டீசல் சேர்கிறது என்று பாருங்கள். அதில் வேறுபாடு இல்லை என்றால் கம்பிரஷனை அளக்கச் சொல்லுங்கள். இன்ஜெக்டரைக் கழற்ற வேண்டிய நிலை வந்தால் அடியிலுள்ள செம்பு வாஷரைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். இன்ஜெக்டர் தலையில் திருத்தக் குறியீடு அச்சிட்டிருந்தால் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் போடும் இன்ஜெக்டரின் குறியீட்டைக் கணினியில் ஏற்றாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.